காப்பகத்துக்கு வந்த பிறகுதான் காசா?

ரொறன்ரோ நகரசபை பட்ஜெட் பேசத் தொடங்கினாலே நம்மவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே பேச்சுத்தான்: "எங்கட வீட்டு வரியை எடுத்து இப்ப வந்த அகதிகளுக்குக் கொட்டுறாங்கள்." 2024இல் சொத்துவரி 9.5 சதவீதம் ஏறிய பிறகு அந்தக் குரல் இன்னும் பலமாகிவிட்டது. அந்த வரியை நானும்தான் கட்டுகிறேன், அது கடிக்கிறது என்பதும் தெரியும். இருந்தாலும், அகதிக் குடும்பங்கள் இருக்கிற வீட்டை இழக்காமல் பார்த்துக்கொள்ளும் திட்டங்களுக்கு நகரம் இன்னும் கூடுதலாகச் செலவழிக்க வேண்டும் என்றுதான் சொல்வேன்.

2023 கோடையில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். வீடற்றோர் தங்கும் நகரக் காப்பகங்கள் நிரம்பிவிட்டன, மத்திய அரசிடம் போய்க் கேளுங்கள் என்று அகதிக் கோரிக்கையாளர்களை நகரம் திருப்பி அனுப்பத் தொடங்கியது. மத்திய அரசிடம் படுக்கை ஏது? காப்பகத்துக்குப் பெயர் பதியும் பீற்றர் ஸ்ட்ரீட் அலுவலக வாசலிலேயே, பெரும்பாலும் ஆபிரிக்க நாடுகளிலிருந்து வந்தவர்கள், நடைபாதையில் படுத்தார்கள். கறுப்பின மக்களின் தேவாலயங்கள் முன்வந்து இடம் கொடுத்தன. ஜூலை 18ஆம் தேதி மத்திய அரசு 212 மில்லியன் டொலர் அறிவித்தது, அதில் ரொறன்ரோவின் பங்கு 97 மில்லியன். அடுத்த பட்ஜெட்டில், ஒட்டாவாவில் இருக்கும் மத்திய அரசு கைகொடுக்காவிட்டால் சொத்துவரியில் மேலும் 6 சதவீதம் ஏற்ற வேண்டிவரும் என்று நகரம் வெளிப்படையாகவே சொன்னது. அதற்குப் பிறகுதான் 143 மில்லியன் வந்தது.

இப்படிச் சண்டை பிடித்து வாங்கும் காசில் பெரும்பகுதி காப்பகப் படுக்கைக்கும் ஹோட்டல் அறைக்கும் போய்விடுகிறது. அதாவது ஒரு குடும்பம் வீட்டை இழந்து, பிள்ளைகளையும் பெட்டியையும் தூக்கிக்கொண்டு காப்பக வாசலுக்கு வந்த பிறகுதான் அது அரசுகளின் கணக்கில் ஏறுகிறது. முதல் மாதம் வாடகையில் 600 டொலர் துண்டு விழுந்தபோது அதே குடும்பம் யார் கண்ணிலும் படவில்லை. என் கோபமெல்லாம் இதில்தான். நால்வரை ஒரு வாரம் ஹோட்டல் காப்பகத்தில் வைத்திருக்கும் செலவில், வீட்டின் நிலக்கீழ்த் தளத்தில் வாடகைக்கு விடும் பேஸ்மென்ட் வீடு ஒன்றின் ஒரு மாத வாடகையையே கொடுத்துவிடலாம்.

துண்டு ஏன் விழுகிறது? நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு ஒன்ராறியோ மாகாணத்தின் வெல்ஃபெயார், அதாவது வருமானம் இல்லாதவர்களுக்கான அரசு உதவிப்பணம், வாடகைக்கென்று மாதம் அதிகபட்சம் 756 டொலர் தருகிறது. இந்த நகரத்தில் அந்தக் காசுக்கு ஒழுங்கான ஓர் அறை கிடைத்தாலே பெரிய விஷயம். சரி, பிள்ளைகளுக்கான மத்திய அரசுக் கொடுப்பனவு இருக்கிறதே என்பீர்கள். ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு ஆண்டுக்கு 7,000 டொலருக்கு மேல் வரக்கூடிய காசு அது. ஆனால் அகதிக் கோரிக்கை ஏற்கப்படும்வரை பெற்றோருக்கு அது கிடையாது. கேஸ் முடியவோ வருடக்கணக்கில் ஆகிறது. வேலை அனுமதி வந்ததும் அப்பா ஓடி ஓடி உழைத்தாலும், முதல் மாத வாடகை, கடைசி மாத வாடகை, கிரெடிட் ரிப்போர்ட், வேலைக் கடிதம், ஜாமீன் நிற்க ஓர் ஆள் என்று கேட்கும்போது எங்கே போவார்?

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் ஸ்காபரோவில் பேஸ்மென்ட் ஒன்றில் இருந்தது. இரண்டு பிள்ளைகள். சமையலறை மேலே, வீட்டுக்காரருடன் பொது. இரவு ஏழு மணிக்குப் பிறகு அடுப்பைத் தொடக்கூடாது என்பதால் அந்தத் தாய் மாலையிலேயே மறுநாள் காலைக்கும் சேர்த்துச் சமைத்து, குழம்புச் சட்டியைத் துவாயில் சுற்றிப் படிக்கட்டின் கீழே வைப்பார். இரண்டு மாத வாடகை பிந்தியது. வீட்டுக்காரர் போனில் ஒரு செய்தி அனுப்பினார்: ஞாயிற்றுக்கிழமைக்குள் வெளிக்கிடுங்கள். நோட்டீஸ், விசாரணை எதுவும் இல்லை. வாடகைச் சட்டப்படி அவருக்கு அது தேவையும் இல்லை. சமையலறையையோ குளியலறையையோ வீட்டுச் சொந்தக்காரருடன் பகிர்ந்துகொள்பவருக்கு ஒன்ராறியோவின் வாடகைச் சட்டம் பாதுகாப்புத் தருவதில்லை. புதிதாக வருபவர்களில் எத்தனையோ பேர் இப்படித்தான் குடியிருக்கிறார்கள். அவர்கள் சுமப்பது கடனை மட்டுமல்ல, வீட்டுக்காரர் முகம் சுளித்தாலே நெஞ்சு படபடக்கும் ஒரு வாழ்க்கை அது.

அந்தக் குடும்பத்துக்குத் தேவைப்பட்ட உதவி நகரத்திடம் இருக்கத்தான் செய்கிறது. வெல்ஃபெயாரில் இருப்பவர்களின் வாடகைப் பாக்கிக்கும் முற்பணத்துக்கும் ஒரு நிதி உண்டு. குறைந்த வருமானத்தில் வேலை செய்பவர்களுக்கு வாடகை வங்கி உண்டு. வீட்டிலிருந்து வெளியேற்றப்படும் நிலையில் இருப்பவருக்குப் பக்கத்துணையாக நின்று பேசித் தீர்க்கும் திட்டமும் இருக்கிறது. இவை போதாது, இருப்பதும் மக்களுக்குத் தெரியாது. அந்தத் தாய்க்கு இப்படி ஒரு நிதி இருப்பதையே யாரும் சொல்லவில்லை. விண்ணப்பம் ஆங்கிலத்தில், வேலை நேரத்தில் போன் எடுக்க வேண்டும், கூடவே நாலு கடதாசி. தமிழும் எரித்திரியர்களின் மொழியான திக்ரினியாவும் பேசும் அலுவலர்களை அமர்த்தி, குடும்பம் கஷ்டப்படத் தொடங்கும்போதே தேடிப் போகும் வேலைக்குத்தான் முதலில் காசு ஒதுக்க வேண்டும் என்பேன். மத்திய அரசும் காப்பகப் படுக்கையோடு நிற்காமல் இதற்கும் தரவேண்டும், அதுவும் ஒரு வருடத்துக்கென்றில்லாமல் பல வருடங்களுக்கு. அடுத்த வருடம் இருக்குமோ இராதோ என்ற வேலைக்கு நல்ல ஆள் எப்படி வந்து நிலைப்பார்?

"குடிவரவு மத்திய அரசின் பொறுப்பு, நகரம் ஏன் கட்ட வேண்டும்?" என்பது நியாயமான கேள்விதான். ஒட்டாவாவிடம் விடாமல் கேட்க வேண்டும். நகரம் அன்றாடச் செலவுக்குக் கடன் வாங்கிப் பட்ஜெட் போடவும் முடியாது. ஆனால் பிள்ளைகள் தூங்குவது இந்த நகரத்தில். ஹோட்டல் மாறும்போதெல்லாம் பள்ளிக்கூடம் மாறுவதும் இந்த நகரத்தில்தான்.

இதைச் சொல்ல நமக்குக் கூடுதல் உரிமை இருக்கிறது. 1986இல் நியூபவுண்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழர்களை அங்குள்ள மீனவர்கள் காப்பாற்றினார்கள். 2010இல் சன் சீ கப்பலில் 492 தமிழர்கள் அகதிகளாக வந்தபோது இதே நாட்டில் நம்மைப் பற்றி என்னவெல்லாம் பேசினார்கள்! அன்று நமக்கு வலித்த சொற்களையே இன்று எரித்திரியாவிலிருந்தும் உகண்டாவிலிருந்தும் வருகிறவர்களைப் பார்த்து நம் வாயால் சொல்வதை என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை.

ஜனவரியில் நகரசபையின் பட்ஜெட் குழு பொதுமக்களிடம் கருத்துக் கேட்கும். பெயர் பதிந்தால் சில நிமிடங்கள் பேசலாம், முடியாதவர்கள் எழுதி அனுப்பலாம். வரி கூடாது என்று பேச அங்கே ஆட்கள் எப்போதும் இருப்பார்கள். பேஸ்மென்ட்டில் வாழ்க்கையைத் தொடங்கி இன்று சொந்த வீட்டில் இருக்கிற நீங்கள் ஒருமுறை வந்து, உங்கள் முதல் மாத வாடகையை யார் கொடுத்தார்கள் என்று அந்தக் குழுவுக்குச் சொல்லுங்கள்.