வழக்கு வருமுன்னே கதவைச் சாத்துவதா?

மக்கள் தெரிவு செய்த சட்டமன்றத்துக்கே இறுதிச் சொல், ஆகவே கனடிய உரிமைகள் சாசனத்தின் 33ஆம் பிரிவைப் (சாசனத்தின் சில உரிமைகளை மீறினாலும் ஒரு சட்டம் செல்லும் என்று சட்டமன்றம் அறிவிக்க இடம்தரும் பிரிவு) பயன்படுத்துவதில் பிழையில்லை என்று எழுதியிருக்கிறார் ஒரு கட்டுரையாளர். என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகு, காரணம் காட்டி அந்தப் பிரிவை எடுத்தால் அது விவாதம். இப்போது நடப்பது வேறு. கியூபெக் மாகாணம் 2019இல், அரச ஊழியர்கள் சிலர் பணியில் மதச் சின்னங்கள் அணிவதைத் தடுக்கும் 21ஆம் இலக்கச் சட்டத்தைக் கொண்டுவந்தபோதே அதில் அந்தப் பிரிவையும் எழுதிவிட்டது. ஹிஜாப்போ தலைப்பாகையோ அணிந்த ஒருவர் அங்கே அரச பள்ளியில் புதிதாக ஆசிரியராகச் சேர முடியாது. அந்தப் பிரிவின் கீழான அறிவிப்பு ஐந்து வருடத்தில் காலாவதியாகும் என்ற காப்பும் உதவவில்லை, 2024இல் புதுப்பித்தார்கள்.

ஒன்ராறியோவில் 2022 நவம்பரில் நடந்ததை நான் நேரிலேயே பார்த்தேன். என் மகளின் பள்ளியில் விசேட தேவையுள்ள பிள்ளைகளுக்குச் சாப்பாடு ஊட்டிவிடுகிற அக்கா, பதாகையோடு தெருவோரம் நின்றார். பள்ளி ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தால் நாளொன்றுக்கு 4,000 டொலர் வரை தண்டம் என்றது, அதே 33ஆம் பிரிவோடு மாகாண அரசு கொண்டுவந்த சட்டம். "என்ட ஒரு மாதச் சம்பளத்தை விடக் கூட, தம்பி" என்றார். பதாகை பிடித்திருந்த கை நடுங்கியது. தொழிற்சங்கங்கள் எல்லாம் ஒன்றாக எழுந்ததால் இரண்டு வாரத்துக்குள் அந்தச் சட்டம் ரத்தானது. 2025இல், இதே பிரிவைக் கொண்ட சட்டத்தால் வேலைநிறுத்தத்தை முடித்துக்கொள்ள வைக்கப்பட்ட அல்பேர்ட்டா மாகாண ஆசிரியர்களுக்கு அந்த அதிர்ஷ்டம் கிடைக்கவில்லை.

கட்டுரையாளரே, பிடிக்காவிட்டால் தேர்தலில் மாற்றுங்கள் என்கிறீர்கள். எண்ணிக்கையில் குறைந்தவர்கள் எந்தத் தேர்தலில் வெல்வது? குறைந்தபட்சம், "இங்கே உரிமை மீறப்பட்டிருக்கிறது" என்று அறிவிக்கும் அதிகாரமாவது நீதிபதிகளிடம் இருக்க வேண்டும். வாக்குப் போடப் போகும் எனக்கு அது தெரிந்தாக வேண்டும்.