தொட்டியில் தேதி இருக்கிறது, கடைசிக் குழாயில் குளோரின் இல்லை

கள்ளிக்குடிப் பக்கம் எங்கள் ஊர். மேல்நிலைத் தொட்டியில் பெரிய எழுத்தில் பெயின்ட் அடித்திருக்கும். கொள்ளளவு 30,000 லிட்டர், சுத்தம் செய்த நாள், அடுத்து சுத்தம் செய்யும் நாள். மாதம் இரண்டு தடவை, 5ஆம் தேதியும் 20ஆம் தேதியும் தொட்டியைக் கழுவ வேண்டும் என்பது நம் ஊராட்சிகளில் உள்ள நடைமுறை. எங்கள் ஊரில் கழுவவும் செய்கிறார்கள், ஆள் ஏணியில் ஏறுவதை நானே பார்த்திருக்கிறேன். பிறகு எப்படிப் போன மாதம் தெற்குத் தெருவில் மட்டும் ஒரே வாரத்தில் ஆறு வீட்டில் வயிற்றுப்போக்கு? என் அண்ணன் மகளுக்கு நாலு வயது. இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றித்தான் தூக்கி வந்தோம்.

ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்குத் தண்ணீர் பரிசோதனை சொல்லித்தர வேண்டும் என்று இருக்கிறது. எங்கள் ஊரில் அந்த ஐந்து பேரில் என் மதினியும் ஒருவர். பிள்ளை வீட்டுக்கு வந்த மறுநாளே பீரோ மேல் கிடந்த பரிசோதனைப் பெட்டியை எடுத்துத் தூசி தட்டினார். காலை ஆறரைக்குத் தண்ணீர் திறந்ததும் தொட்டிக்குக் கீழே இருக்கிற குழாயில் முதலில் பிடித்தோம். சொட்டு மருந்து விட்டதும் டியூப்பில் நல்ல மஞ்சள், குளோரின் தாராளமாக இருக்கிறது. அப்புறம் தெற்குத் தெருக் கடைசிக் குழாய். அதே மருந்து, அதே அளவு. மதினி டியூப்பை வெயிலில் தூக்கிப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மஞ்சள் வரவே இல்லை. நிறமே இல்லாமல் வெறும் தண்ணீராகவே நின்றது.

கிருமி நீக்கம் செய்த தண்ணீர் என்றால், நம் வீட்டுக் குழாய்க்கு வந்த பிறகும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது அதில் மிச்சம் இருக்க வேண்டும். ஐஎஸ் 10500 என்கிற குடிநீர்த் தரத்தில் உள்ள அளவு அது. தொட்டியில் இருந்த குளோரின் தெற்குத் தெருவுக்கு வருவதற்குள் எங்கே போனது என்றால், வழியில் அழுக்கோடு சண்டை போட்டே தீர்ந்துபோகிறது. எங்கள் லைன் சாக்கடையை ஒட்டியே வருகிறது. வால்வு தொட்டிக்குள் முழங்கால் அளவு கழிவுநீர், அதற்குள் ஒரு ஜாயின்ட் கசிகிறது. தண்ணீர் ஓடும்போது வெளியே கசியும். நிறுத்திய பிறகு பைப் காலியாகும்போது அந்த ஓட்டை வழியாகவே சாக்கடைத் தண்ணீரை உள்ளே இழுக்கும். இது போதாதென்று நாலு வீட்டில் குழாயில் நேராக மோட்டார் போட்டு உறிஞ்சுகிறார்கள். அதில் மேட்டில் இருக்கிற வீட்டுக்குத் தண்ணீர் வராதது ஒரு பக்கம், கசிகிற ஜாயின்ட் வழியாகச் சாக்கடையையும் சேர்த்தே இழுக்கிறோம். பிரஷர் இல்லையென்று தெருக் குழாயைக் குழி தோண்டி இறக்கி வைத்திருக்கிறோம் பாருங்கள், அந்தக் குழியில் பாத்திரம் கழுவிய தண்ணீரும் நிற்கிறது, குழாயின் வாயும் அதில் முங்கிக் கிடக்கிறது. தினமும் பார்க்கிற காட்சி என்பதால் யாருக்கும் உறைக்கவில்லை, எனக்கும்தான்.

டேங்க் ஆபரேட்டர் அண்ணனைப் பிடித்துத் திட்டத்தான் எல்லோரும் கிளம்பினார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர் கணக்கில் எங்கள் தொட்டிக்கு 120 கிராம். அதை வாளியில் கரைத்து, தெளிய வைத்து, மேல் தண்ணீரை மட்டும் தொட்டியில் ஊற்றி, அரை மணி நேரமாவது கழித்துத்தான் திறக்க வேண்டும். அவரிடம் தராசு இல்லை, கைப்பிடிதான் அளவு. மூட்டை மோட்டார் ரூமில் வாய் திறந்தபடி ஈரத்தில் கட்டி கட்டியாகக் கிடக்கிறது. காற்றும் ஈரமும் பட்டால் பவுடரின் வீரியம் குறைந்துகொண்டே போகும், அதில் கணக்குப் பார்த்துப் போட்டும் பிரயோசனம் இல்லை. இதெல்லாம் ஊராட்சி வாங்கிக் கொடுக்க வேண்டியது. அவர் சொன்ன இன்னொரு விஷயம்தான் என்னைச் சுட்டது: "முழு அளவு போட்டா மருந்து வாடை அடிக்குதுன்னு தெருவே சண்டைக்கு வருதுப்பா, அதான் கொறச்சுக்குவேன்." உண்மைதான், நாம்தான் வந்தோம். காபி நாறுகிறது என்று என் அம்மாவே சத்தம் போட்டிருக்கிறார். லேசான அந்த வாடை இருக்கிற தண்ணீர்தான் பிள்ளைக்குக் கொடுக்கத் தகுந்தது என்று நமக்கு யாரும் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை.

"யார் அதைக் குடிக்கிறா, நாங்க கேன் தண்ணி" என்று சிலர் சொல்கிறார்கள். எங்கள் பக்கம் உப்புத் தண்ணீர், பருப்பு வேகாது, அதனால் வாங்குகிறோம், சரி. ஆனால் பல் விளக்குவது, காய் கழுவுவது, அங்கன்வாடியில் பிள்ளைகள் தட்டு கழுவுவது எல்லாம் எந்தத் தண்ணீரில்? தினமும் குடத்துக்குக் காசு கொடுக்க முடியாத வீடுகள் தெற்குத் தெருவில்தான் அதிகம்.

ஊராட்சியில் கேட்டால் ஆய்வக அறிக்கையை நீட்டுகிறார்கள். கிருமி சோதனை வருடத்துக்கு இரண்டு, உப்பு, ஃபுளோரைடு போன்ற ரசாயனச் சோதனை ஒன்று என்ற கணக்குப்படி எல்லாம் எடுத்திருக்கிறார்கள். 100 மில்லியில் ஈ.கோலை என்கிற மலக்கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது, அதில் இல்லை. தண்ணீர் எங்கே பிடித்தது என்று பார்த்தேன், மோட்டார் ரூம். போர் தண்ணீர் நல்ல தண்ணீர்தான், அதை நான் மறுக்கவே இல்லை. எங்கள் பிள்ளைகள் மோட்டார் ரூமில் குடிப்பதில்லை. நான் கேட்பது ஒன்றுதான்: மாதிரியைக் கடைசி வீட்டுக் குழாயில் எடுங்கள், குளோரின் அளவையும் அங்கே பார்த்து, தொட்டியில் தேதி எழுதுகிற அதே இடத்தில் எழுதுங்கள்.

செவ்வாய்க்கிழமை ஒருவழியாக ஜாயின்ட்டை மாற்றினார்கள். புதன் காலை மதினி போன் பண்ணி வரச் சொன்னார். டியூப்பில் மஞ்சள் இருக்கிறது, ஆனால் ரொம்ப மங்கல், 0.2க்குக் கீழேதான். தினமும் காலையில் பார்த்து ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வருகிறார். வருகிற நவம்பர் 1 கிராம சபைக்கு அந்த நோட்டை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் போகிறோம். தெற்குத் தெருக்காரர்கள் வேலைக்குப் போகாமல் அன்றைக்கு ஒரு நாள் வந்து உட்காருங்கள். மோட்டார் போட்டிருக்கிற நாலு வீட்டுக்காரர்கள் அதற்கு முன்னாடியே கழற்றிவிடுங்கள், அங்கே வைத்து உங்கள் பெயரைச் சொல்ல எனக்கு மனசு இல்லை.