மொராவியன் சபை லூத்தரன் கிளை அல்ல
"1727இல் சின்சென்டார்ஃப் பிரபு ஜெர்மனியில் ஆரம்பித்த லூத்தரன் கிளைதான் மொராவியன் சபை" என்று எழுதியிருக்கிறீர்கள், அது தவறு. செக் நாட்டுச் சீர்திருத்தப் போதகர் யான் ஹுஸை 1415இல் எரித்துக் கொன்ற பிறகு, அவர் வழி வந்தவர்கள் 1457இல் பொஹீமியாவின் (இன்றைய செக் நாட்டின் ஒரு பகுதி) குன்வால்ட் கிராமத்தில் தொடங்கிய சபை இது. லூத்தர் தன் 95 வாதங்களை வெளியிட்டது 1517இல், அதாவது 60 வருடம் கழித்து! 1620 போரில் கத்தோலிக்கப் பேரரசரின் படையிடம் பொஹீமியப் புராட்டஸ்டண்டுகள் தோற்ற பிறகு துரத்தப்பட்டு, ஒளிந்து ஒளிந்து, வீட்டுக்குள்ளேயே ஜெபித்துப் பிள்ளைகளுக்குக் கடத்திய விசுவாசம் அது, அதை ஒரு பிரபுவின் கணக்கில் எழுதுவது அந்த மக்களுக்குச் செய்யும் அநியாயம். சரி, சின்சென்டார்ஃபின் பங்கு பெரியதுதான், மறுக்கவில்லை. அவர் பிறப்பால் லூத்தரன், உங்கள் குழப்பம் அங்கிருந்து வந்திருக்கலாம். 1722இல் பொஹீமியாவை அடுத்த மொராவியாவிலிருந்து வந்த அகதிகளுக்குத் தன் நிலத்தில் இடம் கொடுத்தார், ஹெர்ன்ஹூட் என்ற ஊர் உருவானது. 1727 ஆகஸ்ட் 13 திருவிருந்தில் நடந்தது சபையின் மறுமலர்ச்சி, பிறப்பு அல்ல. அப்புறம், 1735இல் புதிய சபையின் முதல் ஆயரான டேவிட் நிட்ச்மானுக்கு ஆயர் அபிஷேகம் செய்த யாப்லோன்ஸ்கி யார் தெரியுமா? பழைய சபையின் ஆயராக இருந்த கொமேனியஸின் பேரன், அவரும் அதே வரிசையில் வந்த ஆயர். பழைய ஆயர் வரிசை அப்படித்தான் அறுபடாமல் புதிய சபைக்கு வந்தது.