செய்முறையைக் கொடுத்தவரும் கொடுக்காதவரும்

“உலகையே புரட்டிப்போடும் கண்டுபிடிப்பு” என்று ஏதாவது செய்தி வந்துவிட்டால், கமெண்ட்டில் விவரமானவர் ஒருவர் வந்து “நேச்சர்ல வந்துச்சா?” என்று கேட்பார். நேச்சர் என்பது பெரிய பெயர்பெற்ற அறிவியல் இதழ். வந்திருந்தால் உண்மை, வராவிட்டால் புருடா. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கேள்வியை நம்பி இறங்கினால் கவிழ்ந்துவிடுவோம் என்பது என் கட்சி. அதற்கு 2023ஆம் ஆண்டு ஒன்றே போதும். ஒரே துறை, ஒரே வருடம், இரண்டு கண்டுபிடிப்புகள். நேச்சரில் வந்தது மோசடி. அப்படிப் பெரிய இதழ் எதிலும் வராமல் இணையத்தில் அப்படியே ஏற்றப்பட்டது தப்பு, ஆனால் மோசடி இல்லை.

துறை, மீக்கடத்தி. சூப்பர்கண்டக்டர் என்றால் எல்லாருக்கும் புரியும். மின்சாரம் துளிகூடத் தடையில்லாமல் ஓடும் பொருள். 1911இல் நெதர்லாந்தின் காமர்லிங் ஓன்ஸ் பாதரசத்தில் இதைக் கண்டார், ஆனால் மைனஸ் 269 டிகிரியில். அன்றிலிருந்து இன்றுவரை, சாதாரண அறை வெப்பத்தில், சாதாரணக் காற்றழுத்தத்தில் இப்படி ஒரு பொருள் கிடைக்காதா என்று தேடிக்கொண்டே இருக்கிறார்கள். கிடைத்தால் எம்ஆர்ஐ ஸ்கேன் காந்தத்தைக் குளிரவைக்கத் திரவ ஹீலியம் வேண்டாம், மின்கம்பியில் இழப்பு வேண்டாம். ஆசை பெரிது. அதனால் ஏமாறவும் எல்லாரும் தயார்.

2023 ஜூலை 22 அன்று தென்கொரியாவிலிருந்து இரண்டு கட்டுரைகள் அர்க்சைவ் தளத்தில் ஏறின. மதிப்பீட்டுக்குக் காத்திருக்காமல் விஞ்ஞானிகள் தங்கள் கட்டுரையை ஏற்றிவைக்கும் இணையதளம் அது. முதலாவதில் மூன்று பேர் பெயர். சில மணி நேரம் கழித்து வந்த இரண்டாவதில் ஆறு பேர். நோபல் பரிசை மூன்று பேருக்கு மேல் பிரிக்கமாட்டார்கள், அதனால்தான் இந்த அடிதடி என்று நெட்டிசன்கள் கிண்டலடித்தார்கள். பொருளின் பெயர் எல்கே-99. அந்தக் குழுவில் இருந்த லீ, கிம் இருவரின் முதல் எழுத்து, முதலில் செய்து பார்த்த 1999ஆம் ஆண்டு. ஈயம், பாஸ்பேட், அதில் கொஞ்சம் செம்பு. 127 டிகிரி செல்சியஸ் வரைக்கும் மீக்கடத்தியாக இருக்கும் என்றார்கள். அதாவது கொதிக்கிற தண்ணீருக்குள் போட்டாலும் வேலை செய்யுமாம்!

கூடவே ஒரு வீடியோ. காந்தத்தின் மேல் ஒரு சிறு சாம்பல் நிறச் சில்லு. உலகமே பார்த்தது, ஆனால் பாதிப்பேர் சரியாகப் பார்க்கவில்லை. அந்தச் சில்லு மிதக்கவில்லை. ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது, இன்னொரு ஓரம் காந்தத்தைத் தொட்டுக்கொண்டே இருக்கிறது. செப்பு ஆக்சைடு வகை மீக்கடத்திகளைக் குளிரவைத்துக் காந்தத்தின் மேல் வைத்தால் அந்தரத்தில் பூட்டிப்போட்டதுபோல் நிற்கும், தலைகீழாகத் திருப்பினாலும் விழாது. எல்கே-99 அப்படி நின்றதாக யாரும் காட்டவில்லை. ஹார்வர்டில் முன்பு ஆராய்ச்சி செய்த டெரிக் வான் கெனெப் கிராஃபைட் தூளையும் இரும்புத் தூளையும் பசைபோட்டு ஒட்டி, இதே மாதிரி ஓரம் தொட்டு நிற்கும் வீடியோ ஒன்றை எடுத்துப் போட்டார். அவர் பொருளில் மீக்கடத்தலும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

இருந்தாலும் கொரியர்களிடம் ஒரு நல்ல விஷயம் இருந்தது. செய்முறையை அப்படியே எழுதிவிட்டார்கள். ஈய ஆக்சைடையும் ஈய சல்பேட்டையும் 725 டிகிரியில் 24 மணி நேரம் சூடாக்கு. செம்பையும் பாஸ்பரசையும் 550 டிகிரியில் 48 மணி நேரம். இரண்டையும் கல்வத்தில் சேர்த்து அரைத்து, காற்று நீக்கிய குழாயில் அடைத்து 925 டிகிரியில் வை. அவ்வளவுதான். சாதாரணப் பொருள், சாதாரண உலை. அதனால் டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகம், பெய்ஜிங், ஸ்டட்கார்ட் என்று ஆளாளுக்குச் செய்து பார்த்தார்கள். ஒரு விண்வெளி நிறுவனத்துப் பொறியாளர் உலையை மூட்டி இணையத்தில் நேரலையே ஓட்டினார்.

குட்டு உடைந்த விதம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. மூலக் கட்டுரையில் சுமார் 104.8 டிகிரியில் மின்தடை சட்டென்று விழுகிறது. இல்லினாய் பல்கலைக்கழக வேதியியலாளர் பிரசாந்த் ஜெயின் அந்த எண்ணைப் பார்த்ததுமே, இது நமக்குத் தெரிந்த எண்ணாயிற்றே என்று பிடித்துக்கொண்டார். செப்பு சல்பைடு என்ற பொருள் கிட்டத்தட்ட அதே வெப்பநிலையில் தன் படிக அமைப்பை மாற்றிக்கொள்ளும், அப்போது மின்தடை மளமளவென்று இறங்கும். மேலே உள்ள செய்முறையைத் திரும்பப் பாருங்கள். சல்பேட்டில் கந்தகம் இருக்கிறது, இன்னொன்றில் செம்பு இருக்கிறது. சூட்டில் இரண்டும் சேர்ந்து செப்பு சல்பைடு அழுக்காகத் தங்கிவிடுகிறது. பெய்ஜிங் இயற்பியல் நிறுவனம் அளந்து பார்த்து இதையே உறுதிசெய்தது. ஸ்டட்கார்ட் மாக்ஸ் பிளாங்க் ஆய்வு நிறுவனத்து ஆட்கள் கந்தகமே இல்லாமல் தூய படிகம் வளர்த்தார்கள். வந்தது ஊதா நிறத்தில் ஒளி ஊடுருவும் ஒரு படிகம். மின்தடை மில்லியன் ஓம் கணக்கில். மீக்கடத்தி கிடக்கட்டும், கடத்தியே இல்லை. ஆகஸ்ட் நடுவுக்குள் கதை முடிந்தது. ஒரு மாதம்கூட ஆகவில்லை.

இது மோசடியா? இல்லை என்றுதான் நினைக்கிறேன். மோசடிக்காரன் தன்னைப் பிடிக்கிற கயிற்றைத் தானே எடுத்து ஊரார் கையில் கொடுக்கமாட்டான். அவசரம், ஆசை, உள்ளுக்குள் சண்டை, இருபது வருடமாக ஒரே பொருளைப் பார்த்துப் பார்த்து வந்த மயக்கம். அது வேறு வியாதி.

இப்போது அந்த இன்னொருவர். ரங்கா டயஸ். இலங்கையில் பிறந்து, கொழும்புப் பல்கலைக்கழகத்தில் படித்து, அமெரிக்காவில் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானவர். 2020 அக்டோபரில் நேச்சர் அட்டையிலேயே இடம்பிடித்தார். 15 டிகிரி செல்சியஸில் மீக்கடத்தி, ஆனால் காற்றழுத்தத்தைப்போல் சுமார் 26 லட்சம் மடங்கு அழுத்தத்தில், இரண்டு வைரங்களுக்கு நடுவே நசுக்கி. கலிஃபோர்னியாவில் ஹோர்கே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் மூல அளவீடுகளைக் கொடு என்று கேட்டார். கிடைக்க ஓராண்டுக்கு மேல் ஆனது. வந்ததைப் பிரித்துப் பார்த்தால், பொருளோடு சம்பந்தமில்லாத பின்னணி அளவைக் கழித்தோம் என்று அவர்கள் சொன்ன விதத்துக்கும் வரைபடத்துக்கும் ஒட்டவில்லை. 2022 செப்டம்பரில் நேச்சர் கட்டுரையைத் திரும்பப் பெற்றது.

அத்தோடு விட்டிருந்தால் பரவாயில்லை. ஆறு மாதத்தில், 2023 மார்ச்சில், அதே நேச்சர் அதே மனிதரின் அடுத்த கட்டுரையை வெளியிட்டது! இந்த முறை லுட்டேசியம் என்ற உலோகத்தின் சேர்மம், 21 டிகிரி செல்சியஸ், அழுத்தமும் வெறும் பத்தாயிரம் மடங்குதான். பொருளைக் கொடுங்கள், நாங்களும் அளக்கிறோம் என்று மற்றவர்கள் கேட்டபோது, அறிவுசார் சொத்துரிமை இருக்கிறது, கொடுக்க முடியாது என்றார். என் கைக்குத்தான் வரும் என்பதெல்லாம் ஊறுகாய் போடுகிறவர்கள் சொல்லலாம், இயற்பியலில் செல்லாது. கடைசியில் கட்டுரையில் பெயர் போட்ட பதினொரு பேரில் எட்டுப் பேரே இதைத் திரும்பப் பெறுங்கள் என்று நேச்சருக்கு எழுதினார்கள். நவம்பரில் அதுவும் போனது. அவருடைய முனைவர் பட்ட ஆய்வேட்டில் இன்னொருவரின் ஆய்வேட்டிலிருந்து எடுத்த பகுதிகள் இருந்ததும் வெளியே வந்தது. பல்கலைக்கழகம் வெளி விஞ்ஞானிகளை வைத்து விசாரித்தது. தரவை இட்டுக்கட்டினார், திரித்தார் என்று 2024இல் முடிவு வந்தது.

நேச்சரின் மதிப்பீட்டாளர்கள் என்ன செய்தார்கள் என்று கேட்டால், அவர்களைக் குறைசொல்லிப் பயனில்லை. அவர்கள் கையில் இருப்பது தாள்தான். உலையும் வைரமும் இல்லை. எழுதியவன் அளந்ததைத்தான் எழுதியிருக்கிறான் என்ற நம்பிக்கையில் படிக்கிறார்கள். 2002இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் யான் ஹென்றிக் ஷான் என்ற இயற்பியலாளர் போலித் தரவோடு மாட்டியது எப்படி? வெவ்வேறு பொருள், வெவ்வேறு வெப்பநிலை என்று போட்ட வரைபடங்களில், கோட்டின் மேல் நெளிகிற அந்தச் சின்னச் சின்ன இரைச்சல் அச்சு அசலாக ஒன்றாக இருந்தது. இரைச்சல் என்பது தற்செயல். அது இரண்டு தடவை ஒரே மாதிரி வராது. நோட்டுப் புத்தகம் எங்கே என்றால் இல்லை, மூலத் தரவு எங்கே என்றால் கணினியில் இடமில்லை, அழித்துவிட்டேன் என்றார். அவர் கட்டுரைகளும் நேச்சரிலும் சயன்ஸிலும் வரிசைகட்டி வந்தவைதான்.

அப்படியானால் நிஜமானது எப்படி இருக்கும்? 1986இல் சூரிக் ஐபிஎம்மில் பெட்நோர்ஸும் மியுல்லரும் ஒரு செராமிக்கில் மீக்கடத்தலைக் கண்டார்கள். செராமிக்கா, அது மின்சாரத்தைத் தடுக்கிற சரக்கு ஆயிற்றே என்று சிரிக்கக்கூடிய செய்தி. பெரிய இதழுக்குப் போகவில்லை, ஒரு ஜெர்மன் இதழில் போட்டார்கள். தலைப்பிலேயே “இருக்கக்கூடும்” என்றுதான் எழுதினார்கள். அந்த வருடம் முடிவதற்குள் டோக்கியோவில் செய்து பார்த்தார்கள், வந்தது. ஹூஸ்டனில் செய்து பார்த்தார்கள், வந்தது. அடுத்த வருடமே நோபல்.

எல்கே-99 விழுந்தபோது, “ஆசியக்காரன் கண்டுபிடித்தால் வெள்ளைக்காரன் அமுக்கிவிடுவான்” என்று நம் ஆட்கள் எழுதியதையும் பார்த்தேன். 104.8ஐப் பிடித்தவர் மும்பையில் படித்துப் போனவர். அளந்து உறுதிசெய்தது பெய்ஜிங். தோண்டித் துருவியதில் முன்னால் நின்றது கொரிய மீக்கடத்தல் சங்கமே. 2023 டிசம்பரில் அவர்கள் கொடுத்த முடிவும் இதுதான்: மீக்கடத்தி என்பதற்கு எந்தச் சான்றும் இல்லை. கொரியர்களை நான் பாராட்டியதில் ஒரு ஓட்டை இருப்பதும் அங்கேதான் தெரிகிறது. செய்முறையைக் கொடுத்தார்கள் சரி, தாங்கள் செய்த அந்தச் சில்லை அளந்து பார்க்கக் கேட்டபோது சங்கத்துக்குக் கொடுக்கவில்லை. 2024 மார்ச்சில் மினியாபொலிஸில் நடந்த அமெரிக்க இயற்பியல் கழக மாநாட்டில், கந்தகத்தையும் சேர்த்து மேம்படுத்திய புதிய பொருள் என்று அதே குழுவினர் மறுபடி வந்து நின்றார்கள். இந்த முறை யாரும் உலையைப் பற்றவைத்து நேரலை ஓட்டவில்லை.