பானெட்டைத் திறந்து பிரஷர் கன் பிடிக்க விடாதீர்கள்

வாட்டர் வாஷுக்கு வண்டியை விட்டால் "இன்ஜினையும் அடிச்சிரலாமா சார்?" என்று கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கேட்காமலே பானெட்டைத் திறக்கிற கடைகளும் உண்டு. அதனால் சாவியைக் கொடுக்கும்போதே சொல்லிவிடுவது நல்லது.

அம்பாசடர் காலத்து இன்ஜின் நனைந்தால் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றித் துடைத்து மாட்டுவார்கள், வண்டி கிளம்பிவிடும். இன்றைய காரில் பானெட்டுக்குள் எங்கே பார்த்தாலும் சென்சார், ஒயர், ஒயர்களை இணைக்கும் கப்ளர். கப்ளருக்குள் ரப்பர் சீல் இருக்கிறதே என்பீர்கள். அது மழையிலும் சாலையிலும் தெறிக்கிற தண்ணீரைத் தாங்குவதற்கு. பிரஷர் பம்பு 100 பாருக்கு (பார் என்பது அழுத்த அளவு) மேல் தள்ளும். டயரில் நாம் பிடிக்கிற காற்று சுமார் 2 பார்தான். அதுவும் பல வருடம் இன்ஜின் சூட்டில் கிடந்து இறுகிப்போன சீல் என்றால் கேட்கவே வேண்டாம்.

அடி அதிகம் வாங்குவது ஸ்பார்க் பிளக் குழி. இப்போதைய பெட்ரோல் கார்கள் பலவற்றில் ஒவ்வொரு பிளக்கும் சிலிண்டர் ஹெட்டில் ஆழமான குழிக்குள் இருக்கும், அதன் மேலேயே இக்னிஷன் காயில் உட்கார்ந்திருக்கும். காயிலின் ரப்பர் ஓரத்தில் தண்ணீர் உள்ளே இறங்கிவிட்டால் வெளியே வர வழி இல்லை. பிளக் முனையில் விழ வேண்டிய மின்பொறி ஈரத்தின் வழியாகக் குழிச் சுவருக்குத் தாவிவிடும். வண்டி ஆடும், மிஸ்ஸிங் அடிக்கும், செக் இன்ஜின் லைட் மினுக்கும். விளக்கு மினுக்கும்போது "ஓட்டினா காஞ்சிரும்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். எரியாத பெட்ரோல் சைலன்சர் வழியில் புகையைச் சுத்தப்படுத்த இருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதைக் கெடுக்கும். பிளக்கையும் காயிலையும் விடப் பல மடங்கு விலை அது. காயிலைக் கழற்றி, குழியில் ஏர் அடித்துத் தண்ணீரை வெளியேற்ற வேண்டும். பிளக்கை முதலில் கழற்றினால் குழியில் நிற்பதெல்லாம் சிலிண்டருக்குள் இறங்கும்.

உடனே வரும் கோளாறு பரவாயில்லை, காரணம் தெரிந்துவிடும். ஃபியூஸ் பாக்ஸுக்குள்ளும் கப்ளர் பின்களிலும் தங்கிய ஈரம் சில வாரங்கள் கழித்துப் பச்சைப் பூஞ்சணம் மாதிரித் துருவாக எழும்பும். ஒருநாள் ஃபேன் ஓடாது, ஒருநாள் ஸ்டார்ட் ஆகாது. அப்போது யாருக்கும் வாட்டர் வாஷ் ஞாபகத்துக்கு வராது. பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரும் அப்படித்தான். உள்ளே காற்றுப் போக அதன் உடம்பில் திறப்புகள் உண்டு. சேறு கலந்த தண்ணீர் அதில் புகுந்தால் பேரிங் பிறகு சத்தம் போட ஆரம்பிக்கும்.

மண்ணெண்ணெய், டீசல் ஸ்பிரே அடிக்கும் பழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். அன்றைக்குப் பளபளக்கும், உண்மைதான். ஆனால் கூலண்ட் ஹோஸ் ரப்பர் பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ஊறி உப்பக்கூடியது. இன்ஜினைத் தாங்கும் ரப்பர் மவுண்டும் கெடும், ஃபேன் பெல்ட் வழுக்கிக் கிறீச்சிடும். மிச்சப் பிசுக்கில் மறுநாளே தூசி ஒட்டும். இன்ஜினிலிருந்து புகை வெளியேறும் சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் பட்டால் தீப்பிடிக்கவும் கூடும்.

அதற்காக அழுக்கோடு விட்டுவிடுங்கள் என்று சொல்லவில்லை. அழுக்கு மூடிய இன்ஜினில் ஆயில் கசிவதே தெரியாது. கையால் செய்தால் ஒன்றரை மணி நேர வேலை, அவ்வளவுதான்.

இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். ஓட்டி நிறுத்தி இரண்டு மணி நேரமாவது போகட்டும். கொதிக்கும் உலோகத்தில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் புகைக் குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சாருக்குள் இருக்கும் பீங்கான் விரிசல் விடலாம். சாவி வண்டியில் இருக்கக் கூடாது. சில கார்களில் இன்ஜின் நின்ற பிறகும் ரேடியேட்டர் ஃபேன் தானாகச் சுற்றும், விரல் பத்திரம். ஈரத் துணியைத் தாண்டித் தண்ணீர் தெளிக்கப் போகிறீர்கள் என்றால் பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றிவிடுங்கள்.

துடைக்கும் முன் நாலு பக்கமும் போட்டோ எடுத்து வையுங்கள். டேப்பெட் கவர் (இன்ஜினின் மேல்மூடி) ஓரத்தில் கறுப்பு ஈரம், ஹோஸ் இணைப்பில் காய்ந்த வெள்ளை அல்லது இளஞ்சிவப்புக் கறை (கூலண்ட் கசிவு) இதெல்லாம் மெக்கானிக்குக் காட்ட வேண்டிய தடயம். துடைத்துவிட்டால் போச்சு.

பிறகு உலர்ந்த வேலை. 2 இன்ச் பெயின்ட் பிரஷ், வேக்வம் கிளீனர் அல்லது புளோயர். முக்கால்வாசி அழுக்கு இதிலேயே போகும். வைப்பருக்குக் கீழே உள்ள கறுப்பு பிளாஸ்டிக் தட்டில் வேப்பிலையும் புங்க இலையும் மக்கிக் கிடக்கும். அதன் ஓரங்களில் தண்ணீர் வடியும் துளைகள் உண்டு, அவை அடைத்தால் மழைத் தண்ணீர் ஏசி காற்று எடுக்கும் வழியாக உள்ளே வந்து மிதியடி நனையும். ஒரு மக் தண்ணீர் ஊற்றினால் சக்கரத்தின் பக்கம் வடிகிறதா என்று பாருங்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன், செப்டம்பரிலேயே இதை முடித்துவிட வேண்டும்.

ஈர வேலைக்கு ஆல்டர்னேட்டர், ஃபியூஸ் பாக்ஸ், காயில்கள், ஏர் ஃபில்டர் காற்று இழுக்கும் வாய் நான்கையும் பாலித்தீன் பை சுற்றி டேப் ஒட்டுங்கள். டிப்ஸ்டிக், ஆயில் மூடி, பிரேக் ஆயில் மூடி இறுக்கமாக இருக்கட்டும். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும், உறிஞ்சினால் அதன் கொதிநிலை இறங்கும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 10 மில்லி கார் ஷாம்பு போதும். ஆயில் பிசுக்குக்குத் தண்ணீரில் கரையும் டீகிரீசர், பாட்டிலில் போட்டிருக்கும் அளவில் கலந்து. காஸ்டிக் கலந்தது வேண்டாம், அலுமினியத்தை அரிக்கும். பிரஷ்ஷில் தெளித்துத் தேயுங்கள், பாகத்தின் மேல் நேராக அடிக்காதீர்கள். காய விடாமல் பகுதி பகுதியாக ஈரத் துணியால் துடைத்துக்கொண்டே போக வேண்டும். அலச வேண்டிய இடம் இருந்தால் செடிக்குத் தெளிக்கும் கைப்பம்பு போதும். பானெட்டின் அடியில் ஒட்டியிருக்கும் பஞ்சுத் தகட்டை நனைக்கவே வேண்டாம், காய நாளாகும். ரேடியேட்டர், ஏசி கண்டென்சர் தகடுகள் விரல் பட்டாலே மடங்கும், அங்கே மென்மையான பிரஷ் மட்டும்.

துடைத்து முடித்து ஒரு மணி நேரம் பானெட் திறந்தே இருக்கட்டும். எல்லாப் பைகளையும் எடுத்தாயிற்றா என்று எண்ணிப் பார்த்துவிட்டு ஸ்டார்ட் செய்து 10 நிமிடம் ஓட விடுங்கள். ஒரு பை மறந்துபோனால் பெல்ட்டில் சிக்கும் அல்லது உருகும்.

பேட்டரி முனையில் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் நெகட்டிவை முதலில் கழற்றி, பிறகு பாசிட்டிவ். மாட்டும்போது பாசிட்டிவ் முதலில். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு ஸ்பூன் சமையல் சோடா கரைத்துப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தால் நுரைத்துக் கரையும். பேட்டரிக்குள் இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். துடைத்து, காய்ந்த பின் முனைகளை மாட்டி மேலே கொஞ்சம் வாசலின்.

எலி கூடு கட்டியிருந்தால் சும்மா கூட்டித் தள்ளாதீர்கள். எலியின் சிறுநீர் வழியாக எலிக்காய்ச்சல் பரவும். கையுறை, மாஸ்க் போட்டு, பத்துப் பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு திரவ பிளீச் கலந்த கரைசலால் கூட்டை நனைத்துச் சில நிமிடம் விட்டு அள்ளி, பிளீச் பட்ட உலோகத்தை நல்ல தண்ணீரில் துடையுங்கள். கடிபட்ட ஒயர் உண்டா என்று பார்க்காமல் ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

ஹைபிரிட், எலெக்ட்ரிக் வண்டிகளில் உயர் மின்னழுத்தம் பாயும் ஆரஞ்சு நிறக் கேபிள் பக்கம் உலர்ந்த துணியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கடைசியில் அடிக்கிற சிலிகான் பாலிஷ் ஸ்பிரே தேவையே இல்லை. பெல்ட்டில் பட்டால் வழுக்கும், தூசியும் ஒட்டும். பழைய கார் பார்க்கப் போகும்போதும் பானெட்டுக்குள் இப்படிப் பாலிஷ் மின்னினால் கொஞ்சம் நிதானியுங்கள். நீண்ட தூரம் ஓட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பவும் பானெட்டைத் திறந்து, டேப்பெட் கவர் ஓரத்தில் ஒரு வெள்ளைத் துணியை வைத்து ஒற்றிப் பாருங்கள். கசிவு இருந்தால் துணியில் தெரியும்.