பதிவேட்டில் இருக்கிறது, ஆனால் தரமாட்டோம்

"அந்த இல்லத்தை மூடியே அறுபது வருஷம் ஆச்சேக்கா, இப்பப் போய்த் தோண்டி என்ன பண்ணப்போறாங்க?"

கால்வே மாவட்டத்தில் டூவம் என்ற ஊரில், பழைய தாய்-சேய் இல்லம் இருந்த நிலத்தை 2025 ஜூலையில் முறைப்படி தோண்ட ஆரம்பித்தபோது, அயர்லாந்துக்குப் புதிதாக வேலைக்கு வந்த தம்பி ஒருவர் என்னிடம் கேட்டது. அவர்மேல் குறையில்லை. நர்ஸ் வேலைக்கு இங்கே வருகிற நம்மவர்களுக்கு யாரும் இந்தக் கதையைச் சொல்வதில்லை. ஆனால் கேள்வியில் ஒரு தப்புக் கணக்கு இருக்கிறது. பெற்றவளையும் பிள்ளையையும் தேடுகிறவர்கள் உயிரோடு இருக்கிறார்கள். அறுபதுகளில் தத்துப்போன பிள்ளைகளுக்கு இப்போது அறுபது வயதுதான் ஆகிறது. பெற்றவர்களில் பலர் எண்பதைத் தாண்டியும் இருக்கிறார்கள்.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. கல்யாணம் ஆகாமல் ஒரு பெண் கர்ப்பமானால், குடும்பமும் பங்குச் சாமியாரும் பேசி அவளைக் கன்னியாஸ்திரிகள் நடத்தும் இல்லத்துக்கு அனுப்பிவிடுவார்கள். ஊருக்குத் தெரியாமல் பிரசவம், அதன்பின் மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் அங்கேயே வேலை. பிள்ளைகளில் பலரைத் தத்துக் கொடுத்துவிடுவார்கள். பல இல்லங்களில் உள்ளே போனதும் வேறு பெயர் வைத்துவிடுவார்கள். பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தவளின் நிஜப் பெயர்கூடத் தெரியாமல் வெளியே வந்தவர்கள் உண்டு. அரசு அமைத்த விசாரணை ஆணையம் 1922 முதல் 1998 வரை 18 நிறுவனங்களை ஆராய்ந்து 2021 ஜனவரியில் அறிக்கை கொடுத்தது: சுமார் 56,000 தாய்மார்கள், 57,000 குழந்தைகள். அந்தக் குழந்தைகளில் ஏறத்தாழ 9,000 பேர் இறந்துபோனார்கள். மறுநாளே பிரதமர் மீஹால் மார்ட்டின் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார்.

டூவம் விவகாரத்தை வெளியே கொண்டுவந்தவர் அதிகாரி இல்லை, பேராசிரியரும் இல்லை. கேதரின் கார்லெஸ் என்ற உள்ளூர்க்காரர், வரலாற்று ஆர்வத்தில் தொடங்கியவர். அந்த இல்லத்தில் எத்தனை குழந்தைகள் இறந்தார்கள் என்று பதிவு அலுவலகத்தில் கேட்டார். ஒவ்வொரு இறப்புச் சான்றிதழுக்கும் நாலு யூரோ சொந்தக் காசு கட்டி வாங்கினார். 796 பெயர்கள் வந்தன. அப்புறம் அந்தப் பெயர்களைச் சுற்றுவட்டாரக் கல்லறைப் பதிவேடுகளோடு ஒப்பிட்டால், அடக்கம் செய்த விவரம் கிட்டத்தட்ட எதுவுமே இல்லை. 2017இல் ஆணையம் தோண்டிப் பார்த்தபோது, கழிவுநீர்த் தொட்டியோடு சேர்ந்த நிலத்தடி அறைகளில் சிசுக்களின் எலும்புகள் இருந்தன.

இதில் என்னை உறுத்துவது, அந்த 796 பெயர்களும் அரசுப் பதிவேட்டில் அத்தனை வருடமும் இருந்தன என்பதுதான். தேதி, வயது, சாவுக்குக் காரணம், தட்டம்மை, கக்குவான் என்று எல்லாமே சுத்தமாக எழுதியிருந்தது. இந்த நாட்டில் எழுதி வைப்பதில் குறையே இல்லை. கேட்கிறவர் கையில் கொடுப்பதில்தான் இத்தனை இழுபறி.

என்னோடு வேலை பார்க்கும் ஒருவருடைய அம்மா இப்படி ஓர் இல்லத்தில் பிறந்தவர். மகள் அம்மாவின் வேர்களைத் தேடிக்கொண்டிருக்கிறார். அவருக்கு உட்கார்ந்து உதவியதில்தான் இந்த வேலையின் நெளிவுசுளிவு எனக்குப் புரிந்தது. முதலில் பார்க்க வேண்டியது பிறந்த வருடம். அயர்லாந்தில் சட்டப்படியான தத்து 1953இல்தான் வந்தது. அதற்கு முன்பு பிறந்தவர் என்றால் பல சமயம் தத்துக் கோப்பே இருக்காது. வளர்ப்புக்கு விட்ட குழந்தையாக மாவட்ட நிர்வாகத்தின் காகிதங்களில் இருப்பார். பின்பு பிறந்தவர் என்றால், தத்துச் சான்றிதழில் வளர்த்தவர்கள் வைத்த பெயர் இருக்கும், பெற்றவள் பெயர் இருக்காது. பிறந்த தேதி மட்டும் பெரும்பாலும் உண்மையாக இருக்கும்.

அந்த ஒரு தேதியை வைத்துக்கொண்டுதான் ஒரு தலைமுறையே தேடியது. டப்ளினில் வெர்பர்க் தெருவில் பதிவுத் துறையின் ஆய்வு அறை இருக்கிறது. அங்கே பிறப்புப் பதிவுகளின் அட்டவணையை எடுத்து வரிவரியாக விரலை வைத்துப் போக வேண்டும். பழைய அட்டவணைகளில் குழந்தையின் குடும்பப்பெயரும் அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயரும் ஒரே வரியில் இருக்கும். கல்யாணமான தம்பதியின் பிள்ளை என்றால் இரண்டும் பெரும்பாலும் வேறுவேறு. இரண்டும் ஒன்றாக இருந்தால், அப்பா பெயர் இல்லாத பிள்ளையாக இருக்க வாய்ப்பு அதிகம். உதாரணமாக மர்ஃபி, பக்கத்தில் மறுபடியும் மர்ஃபி. அதைக் குறித்துக்கொள்ள வேண்டும். அதே தேதி, இல்லம் இருந்த பதிவு வட்டம், இரட்டைப் பெயர் என்று வடிகட்டினால் சில பெயர்கள் மிஞ்சும். அதில் எது தன்னுடைய பெயர் என்று தெரியாமல் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே போக வேண்டும். தன் சொந்தப் பெயரை ஒருவர் துப்பறிந்து கண்டுபிடிக்க வேண்டியிருந்த நாடு இது. ஸ்காட்லாந்தில் தத்துப்பிள்ளைகள் 1930இலிருந்தே மூலப் பிறப்புச் சான்றைப் பார்க்கலாம், இங்கிலாந்தில் 1975 சட்டத்துக்குப் பிறகு பார்க்கலாம். இங்கே அந்த உரிமை சட்டமாக வந்தது 2022இல்.

இதைவிட மோசம், பிறப்புச் சான்றிதழே பொய்யாக இருப்பது. வளர்த்தவர்களையே பெற்றவர்கள் என்று பதிவுசெய்து, தத்து நடந்த சுவடே இல்லாமல் ஆக்கிவிட்டார்கள். ஒரே ஒரு தத்து அமைப்பின் கோப்புகளில் 1946 முதல் 1969 வரை அப்படி 126 பதிவுகள் இருந்தது 2018இல் வெளியே வந்தது. நடுத்தர வயதைத் தாண்டி நிற்பவரிடம் "நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கிற ஆள் நீங்கள் இல்லை" என்று சொல்ல வேண்டிய நிலை. இவர்களுக்கு அட்டவணை உதவாது, டிஎன்ஏ சோதனைதான். இங்கிருந்து அமெரிக்கா போன குடும்பங்கள் ஏராளம் என்பதால், எச்சில் மாதிரியை அனுப்பினால் பாஸ்டனில் ஓர் ஒன்றுவிட்ட சொந்தமாவது கிளம்பிவிடும். அங்கிருந்து பின்னோக்கி வர வேண்டும்.

இத்தனை நாள் ஏன் தரவில்லை என்று கேட்டால் எப்போதும் ஒரே பதில்தான்: தாயின் அந்தரங்கம். 1998இல் உச்ச நீதிமன்றம், பெற்றவள் யார் என்று அறியும் உரிமை பிள்ளைக்கு உண்டு, அதைத் தாயின் அந்தரங்க உரிமையோடு சீர்தூக்கித்தான் பார்க்க வேண்டும் என்றது. அதன்பிறகு வந்த அரசுகள் அந்தத் தீர்ப்பின் பின்பாதியை மட்டும் பிடித்துக்கொண்டன. நான் இந்த வாதத்தை நம்பவில்லை. பிலோமினா லீயின் கதை ஒன்று போதும். ராஸ்க்ரேயில் உள்ள இல்லத்தில் 1952இல் அவருக்கு மகன் பிறந்தான். மூன்று வயதில் அமெரிக்காவுக்குத் தத்துப் போனான். மகனை இனி தேடவே மாட்டேன் என்று அவரிடம் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். அந்த மகன் மைக்கேல் ஹெஸ் என்ற பெயரில் வளர்ந்து வாஷிங்டனில் பெரிய வக்கீலாகி, அம்மாவைத் தேடி அதே இல்லத்துக்கு வந்தார். அம்மாவும் மகனைத் தேடி அங்கேயே போனார். இரண்டு பேரையும் வெறுங்கையோடு அனுப்பினார்கள். 1995இல் மகன் இறந்தார், அவர் விருப்பப்படி அந்த இல்லத்து மண்ணிலேயே அடக்கம். சொல்லுங்கள், அங்கே காப்பாற்றப்பட்டது யாருடைய அந்தரங்கம்?

அதற்காக, எல்லாத் தாயும் காத்துக்கொண்டிருக்கிறார் என்று நான் சொல்லவில்லை. கணவருக்கும் பிள்ளைகளுக்கும் சொல்லாமலே வாழ்ந்து முடிக்க நினைக்கிறவர்கள் உண்டு. அந்தப் பயம் அவர்கள் தாங்களாகத் தேடிக்கொண்டதில்லை, ஊர் ஊட்டிவிட்டது. கதவைத் திறக்காமல் இருக்க அவர்களுக்கு முழு உரிமை உண்டு. ஆனால் பெயரைத் தெரிந்துகொள்வது வேறு, வாசலில் போய் நிற்பது வேறு. 2022 சட்டம் இதைத்தான் பிரித்தது. தாய் 'தொடர்பு வேண்டாம்' என்று பதிந்திருந்தால், பிள்ளை தொலைபேசியில் ஒரு தகவல் அமர்வில் கலந்துகொள்ள வேண்டும், அந்த விருப்பத்தை அங்கே விளக்குவார்கள். பிறகு சான்றிதழ் கைக்கு வந்துவிடும். அந்த அமர்வையே அவமானமாக நினைத்துக் கொதித்தவர்கள் பலர், அதிலும் நியாயம் இருக்கிறது.

எனக்குச் சட்டத்தின்மேல் இருக்கும் கோபம் வேறு. தகவல் பெறும் உரிமையைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள், தாய்மார்களுக்கு அதே அளவு கொடுக்கவில்லை. தொடர்புப் பதிவேட்டில் பெயர் கொடுக்கலாம், தேடித் தரச் சொல்லிக் கேட்கலாம், அவ்வளவுதான். யாருடைய மானத்தைக் காப்பாற்றுகிறோம் என்று இத்தனை வருடம் கதவை மூடினார்களோ, அவர்களே இன்னும் வரிசையில் கடைசி. 2024இல் தொடங்கிய இழப்பீட்டுத் திட்டத்திலும் ஒரு கணக்கு வைத்தார்கள்: குழந்தையாக ஆறு மாதத்துக்குக் குறைவாக இல்லத்தில் இருந்தவருக்குப் பணம் கிடையாது. அம்மாவிடமிருந்து பிரித்துச் சீக்கிரமே தத்து கொடுத்துவிட்டால் பாதிப்பு குறைவாம். இதை எந்த அறிவாளி யோசித்தாரோ.

கடைசியாக, இங்கே முதியோர் இல்லங்களில் வேலை பார்க்கும் நம்ம பிள்ளைகளுக்கு ஒன்று. மறதி நோய் முற்றிய பாட்டி, பார்வையாளர் பட்டியலில் இல்லாத ஒரு பெயரைச் சொல்லிக் குழந்தை எங்கே என்று கேட்டால், உளறல் என்று தள்ளிவிடாதீர்கள். நோயாளியின் மகளிடம் போய்க் கேட்காதீர்கள், வாட்ஸ்அப் குழுவில் போடவே போடாதீர்கள். பொறுப்பு நர்ஸிடம் தனியாகச் சொல்லுங்கள். நல்ல நினைவோடு இருப்பவரே உங்களிடம் மனம்விட்டுச் சொன்னால், தேடும் சேவை ஒன்று இருக்கிறது, துஸ்லா என்ற அரசுக் குழந்தைகள் நல அமைப்பிலும் தத்து ஆணையத்திலும் விண்ணப்பிக்கலாம் என்று மட்டும் சொல்லிவையுங்கள். படிவம் இணையத்திலேயே இருக்கிறது. போடுவதும் போடாததும் அவர் இஷ்டம்.