திறந்து பாக்காமல் "முடிஞ்சுது" எண்டு சொல்லாதேங்கோ

ஒரு தாய் பிள்ளையின்ர பழுதான கொம்பியூட்டரைத் திருத்தக் கடைக்குக் கொண்டுபோன கதையை இங்க பதிவாப் போட்டிருந்தினம். பெட்டியின்ர மூடியைக்கூடக் கழட்டாமல் "இது பழசு, முடிஞ்சுதம்மா, புதுசு எடுங்கோ" எண்டு அனுப்பியிருக்கினம். பிள்ளை ஏ.எல். (உயர்தரம்) படிக்குது, தாய் நகையை அடகு வைக்கிற யோசனையில இருக்கிறா. கடையின்ர பேரைக் கேக்காதேங்கோ, எழுதமாட்டன். கடைக்காரரை விட, "அவை சொன்னது சரிதானே" எண்டு அந்தப் பதிவுக்குக் கீழ வந்து எழுதின ஆக்களிலதான் எனக்குக் கோவம்.

திறந்து பாத்தவையோ? இல்லை. பிறகு எப்பிடித் தெரியும்?

ஃபான் சுத்துது, மொனிற்றரில ஒண்டும் வரேல்லை எண்டா முதல் பாக்கவேண்டியது ராம் (நினைவகப் பலகை). கரண்ட் வயரைக் கழட்டிப்போட்டு ராமை எடுங்கோ. பொன்நிறக் கால்களை அழிறப்பரால தேய்ச்சு, தூளைத் துடைச்சு, ரெண்டு பக்கக் கிளிப்பும் பூட்டுற வரைக்கும் அமத்திப் போடுங்கோ. ரெண்டு ராம் இருந்தா ஒவ்வொண்டாப் போட்டுப் பாருங்கோ. வன்னியின்ர கிரவல் றோட்டுப் புழுதிக்கு இந்த வருத்தம் சர்வசாதாரணம்.

ஒவ்வொரு முறை போடேக்கையும் திகதி பழைய வருசத்துக்குப் போகுதோ? மதர்போட்டில (எல்லாம் பூட்டியிருக்கிற பெரிய சர்க்கிற் பலகை) இருக்கிற சில்லறைக் காசு மாதிரியான 2032 பற்றரி இறங்கிப்போச்சு. திகதி பிழைச்சா இணையப் பக்கங்கள் "பாதுகாப்பில்லை" எண்டு திறக்காது. அதை வைரஸ் எண்டு சொல்லிக் காசு வாங்கிற ஆக்களும் இருக்கினம்.

கொஞ்ச நேரம் ஓடி நிண்டால், புறோசசரின்ர சூட்டை இழுக்கிற ஹீற் சிங்கில புழுதி அடைச்சிருக்கும், ரெண்டுக்கும் இடையில பூசின பேஸ்ற் காய்ஞ்சிருக்கும். ஒண்டுமே அசையேல்லை எண்டா பாக்கவேண்டியது பவர் சப்ளை (கரண்டை மாத்திக் குடுக்கிற பெட்டி). அதின்ர 24 பின் கனெக்ரரை மதர்போட்டிலயிருந்து கழட்டி, பச்சை வயரையும் ஒரு கறுப்பு வயரையும் தொடுத்தா ஃபான் சுத்தவேணும். சுத்தினாலும் நம்பாதேங்கோ, மீற்றர் வைச்சு மஞ்சள் வயரில 11.4க்கும் 12.6 வோல்ற்றுக்கும் இடையில நிக்குதோ எண்டு பாருங்கோ. பவர் சப்ளையின்ர பெட்டியை மட்டும் வீட்டில திறக்கவேண்டாம், உள்ளுக்க 300 வோல்ற்றுக்கு மேல தேங்கி நிக்கும். ஐப்பசி கார்த்திகை இடிமின்னலுக்குப் பிறகு வாற கேஸ் கனக்க பவர் சப்ளை பழுதுதான். அதை மாத்தினா பெரும்பாலும் மெசின் எழும்பும். மதர்போட்டில கப்பாசிற்றரின்ர (சின்ன உருளை மாதிரி நிக்கிறது) தலை ஊதியிருந்தா, அதே மைக்ரோஃபரட் அளவு, அதே வோல்ற் அல்லது கூட, 105 பாகை தாங்கிறதாப் பாத்து மாத்தலாம்.

"அப்ப எல்லாப் பழசையும் கட்டி அழவோ?" எண்டு ஒருத்தர் கேட்டிருந்தார். இல்லை. ஜீ31 எண்ட பழைய வகை மதர்போட், டிடிஆர் 2 எண்ட பழைய வகை ராம் எண்டா ராம் 4 ஜீபிக்கு மேல ஏறாது, அதுக்குக் காசு போடாதேங்கோ. ஜீ41 போட்டில 8 ஜீபி வரைக்கும் போகும், ஆனா 8 சிப் மட்டும் இருக்கிற 4 ஜீபி ராமை அது பிடிக்காது, 16 சிப் உள்ளதுதான் வேணும். தெரியாமல் வாங்கிப்போட்டு "போட் பழுது" எண்டு முடிவெடுப்பினம்.

இந்தப் பிள்ளையின்ர மெசின் எச்61 வகைப் போட்டில மூண்டாம் தலைமுறை ஐ3 புறோசசர். அதுக்கு 240 ஜீபி எஸ்எஸ்டி (சுத்துற தட்டில்லாத வேகமான டிஸ்க்) ஒண்டும், டிடிஆர் 3 ராம் 4 ஜீபியில ரெண்டும் காணும். அந்தப் போட்டில டிஸ்க்கைக் கொழுவிற சாற்றா இணைப்பின்ர வேகம் புதுப் போட்டுகளின்ர பாதிதான், எண்டாலும் பழைய ஹார்ட் டிஸ்க்கோட ஒப்பிட்டா மெசினே வேற. சூம் வகுப்பு, பாஸ்ற் பேப்பர், வேர்ட் எல்லாம் ஓடும்.

விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்ரோபர் 14ஓட நிண்டது உண்மை. விண்டோஸ் 11க்கு எட்டாம் தலைமுறைப் புறோசசரும் டிபிஎம் 2.0 எண்ட பாதுகாப்புச் சிப்பும் கேக்குது, அதுவும் உண்மை. இந்த மெசினுக்கு விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் மின்ற் போடலாம், காசில்லை, தமிழ் தட்டச்சும் வரும்.

"கடைக்காரரின்ர பிழைப்பில மண் போடுறீர்" எண்டு எழுதினவருக்கு: திறந்து பாக்கிறதுக்குக் கூலி வாங்கட்டும், நல்லா வாங்கட்டும். பாக்காமல் சொல்லுற தீர்ப்பிலதான் எனக்கு நோகுது. இல்லாதவையிட்டத்தான் உந்தத் தீர்ப்பு கெதியாச் சொல்லுப்படுது.

இன்னொண்டும் இருக்கு. "பழசைத் தாங்கோ, விலையில கழிக்கிறம்" எண்டும் சொல்லியிருக்கினம். ஹார்ட் டிஸ்க்கோடயே! 2009 சண்டையில அல்பம் எல்லாத்தையும் விட்டிட்டு வந்த சனம் நாங்கள். கலியாணப் படம், செத்துப்போன பிள்ளையின்ர படம் எண்டு வெளிநாட்டுச் சொந்தங்கள் ஸ்கான் பண்ணி அனுப்பினது எத்தனை வீட்டில அந்த ஒரு டிஸ்க்கில மட்டும் கிடக்கு? கழிக்கிற காசு அதுக்கு ஈடோ?

அம்மா, புதுசு எடுத்தாலும் எடுங்கோ, டிஸ்க்கைக் குடுக்காதேங்கோ. ரெண்டு வயர், நாலு ஆணி, கழண்டிடும். சாற்றா யூஎஸ்பி வயர் ஒண்டு வாங்கி வேற கொம்பியூட்டரில கொழுவி முதல் படங்களைக் கொப்பி பண்ணுவியுங்கோ. டிஸ்க் "டிக் டிக்" எண்டு சத்தம் போட்டா உடன நிப்பாட்டுங்கோ, திரும்பத் திரும்பப் போட்டுப் பாக்கவேண்டாம், தரவு மீட்கிற ஆக்களிட்டக் குடுங்கோ.